ராணி உட்கார்ந்திருந்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டிவியில் ராஜா ராணித் தொடர் ஓடுகிற நேரத்தில் இங்கிலாந்தில் எங்கள் ஆல்டன்ஷா ஊரில் யாரும் டெரிக் ஆர்மராட் வீட்டுக்குப் போக மாட்டார்கள். போனால் தொடரைப் பார்க்க முடியாது, டெரிக்கைத்தான் பார்க்க முடியும். திரையில் கிழட்டு ராஜா மரணப்படுக்கையில் கிடப்பார். ராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்முவாள். பார்க்கிற நாம் கைக்குட்டையைத் தேடுவோம். அந்த நேரம் பார்த்து டெரிக் ஆரம்பிப்பார்.

“அந்தத் திரைச்சீலைக் கொக்கியப் பாரு. அந்த மாதிரி கொக்கி அந்தக் காலத்துல ஏது?”

“டெரிக், அந்த மனுசனை நிம்மதியாச் சாக விடேன்” என்பாள் அவர் மனைவி பெரில், பின்னலூசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் ஆட்களுக்கே இருக்கும் வியாதி இது. டிவியில் அரசன் பெண்டாட்டியைக் கொன்றால் பொறுத்துக்கொள்வோம், அவன் சட்டையில் பொத்தான் தப்பாக இருந்தால் பொறுக்க மாட்டோம். பட்டாளத்துக்காரன் மெடலை வலப்பக்கம் குத்தியிருந்தால் போச்சு, மறுநாள் காலையில் நாடு முழுக்கப் பெரியவர்கள் டிவிக்காரருக்குக் கடிதம் எழுதப் பேனாவைத் தேடுவார்கள். டெரிக் தேடவே வேண்டாம், அவர் பேனா நாற்காலிக் கைப்பிடியிலேயே செருகியிருக்கும்.

பணி ஓய்வு பெறும்வரை அவர் ஊர் பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்டவர். எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று எழுதுவது அவர் வேலை. “எழுதறது என் வேலை, வர்றது பஸ்ஸோட வேலை” என்பார். மழை நாளில் ஆல்டன்ஷாவில் ஒரு பஸ்ஸும் அட்டவணைப்படி வந்தது கிடையாது. ஆல்டன்ஷாவில் மழையில்லாத நாளும் அதிகம் கிடையாது.

இந்தக் கறார் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது பெரிலுக்கு மட்டும் தெரியும். டெரிக்கின் அப்பா ஃபிரெட் ஒரு குடிகாரர், ஆனால் பிரமாதமாகக் கதை சொல்வார். யுத்தத்தில் பாலைவனத்தில் டாங்கியை ஓட்டிக்கொண்டு எதிரிப் படைக்குள் புகுந்த கதையை அவர் சொல்லச் சொல்ல, சின்ன டெரிக் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். கேட்டதைப் பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொன்னான். அங்கே ஒரு பையன், “உங்கப்பா டாங்கியைத் தொட்டதே இல்ல. எங்கப்பாவோட அதே முகாம்லதான் இருந்தாரு. யுத்தம் முடியற வரைக்கும் முட்டைக்கோஸ் நறுக்கினாரு” என்றான். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அவனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் முட்டைக்கோஸ் என்றுதான் பெயர். அன்றைக்குப் பிடித்தது, அச்சில் இல்லாத எதையும் டெரிக் நம்புவதில்லை.

அப்படிப்பட்டவர் பெரிலைக் கட்டிக்கொண்டார். பெரில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள். கூட்டத்தில் இருந்தால் இருக்கிற இடமே தெரியாது. கல்யாண போட்டோவில்கூட மாப்பிள்ளையின் அத்தை அவளைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்பாள். ஆனால் அவளிடம் ஒரே ஒரு கதை இருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் பெரில் பெரிய ஆளாகிவிடுவாள். குரல் உயரும், கை இரண்டும் பறக்கும்.

புதிதாக முடிசூடிய ராணி ஊர் ஊராகப் போய் வந்த வருஷம். பெரில் அப்போது சின்னப் பிள்ளை. செயின்ட் ஆன்ஸ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மில் ரோட்டில், மில் சுவரை ஒட்டி வரிசையாக நிற்க வைத்து, கையில் ஆளுக்கொரு காகிதக் கொடி கொடுத்திருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. காகிதக் கொடியின் சாயம் கரைந்து கை வழியாக வழிந்து, அக்காவிடமிருந்து இரவல் வாங்கிப் போட்டிருந்த வெண்ணெய் நிறக் கோட்டின் கையெல்லாம் சிவப்பும் நீலமும் ஆகிவிட்டது. அம்மா தோலை உரித்துவிடுவாளே என்று பெரில் அழுதுகொண்டே நின்றாள். டவுன் ஹால் பக்கமிருந்து கார் மெதுவாக இறங்கி வந்தது. கண்ணாடிக்குள் ராணி. அவள் அழுகிற பிள்ளையைப் பார்த்தாள், கோட்டையும் பார்த்தாள். பிறகு தன் கையைத் தூக்கி வெள்ளைக் கையுறையைத் திருப்பிக் காட்டினாள். அதிலும் சிவப்புச் சாயம்! யார் கொடுத்த கொடியோ. “எனக்கும் இதே கதிதான் பாரு” என்பதுபோல் மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள். கார் போய்விட்டது.

“அம்மா அடிக்கவே இல்ல தெரியுமா” என்று முடிப்பாள் பெரில். “ராணிக்கே ஒட்டின சாயம், போனாப் போகுதுன்னுட்டா!”

பஸ் நிறுத்தத்திலும், சாப்பாட்டுக்கூடத்திலும், பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில்காரியிடமும் அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் மறுபடி சொல்லச் சொல்வார்கள். பள்ளித் தோழி நோரீனுக்கு இது கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆகிப்போயிருந்தது. நோரீன் அந்த ஊர்வலத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பொன்னுக்குவீங்கி வந்து, கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தாள். வாழ்நாள் முழுக்க அவளுக்கு அது ஒரு குறைதான்.

அந்த நோரீனின் வெள்ளிவிழாக் கல்யாண நாளில்தான் அது நடந்தது. தொழிலாளர் கிளப் மாடியில் விருந்து. எல்லோருக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது. “பெரில், ராணிக் கதையச் சொல்லு!” என்று நோரீன் கத்தினாள். பெரில் எழுந்து நின்று சொன்னாள். கை பறந்தது. கையுறை வரைக்கும் வந்துவிட்டாள்.

“மன்னிக்கணும், ஒரு சின்னத் திருத்தம்” என்று எழுந்தார் டெரிக். கையில் பாதி தின்ற சாசேஜ் ரோல்.

அவருக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வாரம்தான் நூலகத்தில் பழைய உள்ளூர்ப் பேப்பரைப் புரட்டி, ராணி வந்த அன்றைய நிகழ்ச்சி நிரலைக் கண்டுபிடித்திருந்தார். புதையல் கிடைத்த மாதிரி அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

“கார் ஸ்டேஷன்லருந்து கிளம்பி மில் ரோடு வழியா மேல டவுன் ஹாலுக்குப் போகுது. ராணி உட்கார்றது வலப்பக்கம். செயின்ட் ஆன்ஸ் பிள்ளைங்க நின்னது மில் சுவர்ப் பக்கம், அதாவது காருக்கு இடப்பக்கம். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தது ராணி புருஷன். ஆக, கண்ணு, நீ ராணியப் பார்த்திருக்கவே முடியாது.”

“கார் மேலருந்து இறங்கி வந்துச்சு, டெரிக்” என்றாள் பெரில்.

“இல்ல கண்ணு. கீழருந்து மேல போச்சு. பேப்பர்ல போட்டிருக்கு. நீ குழந்தை, உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?”

“அப்ப வெள்ளைக் கையுறை போட்டிருந்தது புருஷன்காரனா?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, மாடியே அதிர்ந்தது. நோரீனின் புருஷன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பெரிலும் சிரித்தாள். அவள் கழுத்தில் மட்டும் சிவப்பாகத் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. உட்கார்ந்து, தட்டில் இருந்த ஊறுகாய் வெங்காயத்தை முள்கரண்டியால் அங்கும் இங்கும் உருட்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச காலம் ஊரில் அவளை, “ராணி புருஷன் கண்ணடிச்ச பொண்ணு” என்று கிண்டல் செய்தார்கள். பிறகு அதுவும் நின்றது. பெரில் அந்தக் கதையை அப்புறம் சொல்லவில்லை. யாராவது கேட்டால், “அட போங்க, அது எப்பவோ” என்று பேச்சை மாற்றுவாள். டெரிக் இதைக் கவனித்தாரா என்றால், இல்லை. ஆண்டுக்கணக்கில் அந்தக் கதை அவர் வீட்டில் காதில் விழவில்லை, அது அவருக்கு உறைக்கவே இல்லை. 

இருவருக்கும் வயதாகிவிட்ட பிறகு, ஆல்டன்ஷாவுக்கு லண்டனிலிருந்து ஒரு டிவி கம்பெனி வந்தது. அந்த ராணியின் இளமைக் காலத்தைத் தொடராக எடுக்கிறார்களாம். ஒரு பகுதியில் ஆல்டன்ஷா வருகையும் உண்டாம். அன்றைக்குப் பார்த்தவர்கள் வந்து சொல்லலாம் என்று நூலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எடுக்கும் முன்னாலேயே திருத்த ஒரு தொடர் கிடைக்கும் என்று டெரிக் கனவுகூடக் கண்டதில்லை. கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டார்.

“நீயும் வாயேன், பெரில்.”

“நான் எதுக்கு? அவங்களுக்கு வேண்டியது ராணி. நான் பார்த்தது அவ புருஷனைத்தானே.”

குத்தலாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். டெரிக் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நூலகத்தில் அவரிடம் பேசியவள் இமோஜென் என்ற சின்னப் பெண். லண்டன் பேச்சு, ஆனால் மரியாதை தெரிந்தவள். அவர் நிரலை விரித்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

“மிஸ்டர் ஆர்மராட், இதைப் பாருங்களேன். மில் ரோட்டு மருந்துக்கடைக்காரர் அன்னிக்கு மாடி ஜன்னல்லருந்து தானே எடுத்த படம். அவர் பேத்தி பரண்ல கண்டெடுத்துக் கொடுத்தாங்க.”

சத்தமில்லாத படம். நனைந்த ரோடு. மில் சுவர் ஓரம் பிள்ளைகள், கைகளில் துவண்டுபோன கொடிகள். கார் வந்தது. டவுன் ஹால் பக்கமிருந்து இறங்கி வந்தது.

“படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டுட்டீங்கம்மா” என்றார் டெரிக்.

“இல்லையே. கடை போர்டுல எழுத்தைப் பாருங்க, நேராத்தானே இருக்கு?” என்றாள் இமோஜென். “நாங்களும் முதல்ல குழம்பிட்டோம். அன்னிக்கு ஸ்டேஷன் பக்கம் கால்வாய் பொங்கி ரோட்டுக்கு வந்துடுச்சாம். அதனால ரயிலை முந்தின ஸ்டேஷன்லயே நிறுத்தி, கார்ல மேல் வழியா கூட்டிட்டு வந்திருக்காங்க. உங்க பேப்பர் அதுக்கு முந்தின நாளே அச்சடிச்சது.”

கார் எதிர்த்திசையில் வந்தால் மில் சுவர் காருக்கு வலப்பக்கம். வலப்பக்கம் ராணி. இதை யாரும் டெரிக்குக்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் வரிசையின் நடுவில் கார் இன்னும் மெதுவானது. கண்ணாடிக்குள் ஒரு வெள்ளைக் கை எழும்பித் திரும்பியது. அவ்வளவுதான், கார் போய்விட்டது.

“இன்னொரு தடவை போடும்மா” என்றார். போட்டாள். மறுபடியும் போடச் சொன்னார். கொண்டுபோயிருந்த திருத்தங்களில் பாதியைச் சொல்லவேயில்லை.

பஸ்ஸுக்கு நிற்காமல் நனைந்துகொண்டே நடந்து வீட்டுக்கு வந்தார். மழையில் ஒரு பஸ்ஸும் தான் எழுதியபடி வராது என்று ஆயுள் முழுக்கப் பார்த்தவர், ராணியின் கார் மட்டும் எழுதியபடி வந்திருக்கும் என்று எப்படி நம்பினார்? இதை நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். ஆனால் வீட்டு வாசல் நெருங்க நெருங்க உள்ளே ஒரு சந்தோஷமும் குதித்தது. அவளிடம் சொல்லப் போகிறோம். அவள் முகம் எப்படி மலரும்!

பெரில் அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினார். “நீ பார்த்தது ராணிதான், பெரில்! நிரூபணம் ஆயிடுச்சு. கையைக்கூடத் தூக்கறா. என் கண்ணால பார்த்தேன்!”

பெரில் சீவுவதை நிறுத்தவில்லை. “படத்துல பார்த்தியா?”

“படத்துலதான். சந்தேகத்துக்கே இடமில்ல.”

“கார் மேலருந்து இறங்கி வந்துச்சுன்னு நான் அன்னிக்கே சொன்னேன், டெரிக். எல்லார் முன்னாடியும் சொன்னேன்.”

“நீ சொன்னதான்... ஆனா பேப்பர்ல வேற மாதிரி...”

“பேப்பர் சொன்னா நம்புவ. செத்துப்போன மருந்துக்கடைக்காரர் படம் சொன்னா நம்புவ. உன்கூட ஒரே கட்டில்ல படுக்கிறவ சொன்னா?”

 தொப்பியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

“தப்புதான் பெரில். நாளைக்கே வா, அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லு. தொடர்ல வைப்பாங்க.”

“வேண்டாம் விடு. கிழங்கு கறுத்துடும், அந்தத் தண்ணிச் சட்டிய இப்படித் தள்ளு.”

அவர் தள்ளிக் கொடுத்தார். அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். கோபமாக இருந்தாலாவது சமாதானப்படுத்தலாம். ராத்திரி எப்போதும்போல அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள், எப்போதும்போல ஒரு பிஸ்கட் வைத்தாள்.

தொடர் அடுத்த குளிர்காலத்தில் வந்தது. ஆல்டன்ஷா பகுதி ஓடிய ஞாயிற்றுக்கிழமை, புருஷனை இழந்து தனியாக இருந்த நோரீன், ஷெரி ஒயின் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். டெரிக் வாயே திறக்கவில்லை. திறக்க அவருக்குக் காரணமும் கிடைக்கவில்லை. மழை சரி, மில் சுவர் சரி, காரும் டவுன் ஹால் பக்கமிருந்தே இறங்கி வந்தது. பிள்ளைகள் வரிசையில் பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு குண்டுப் பெண், கை வழியாகச் சாயம் வழிய அழுதுகொண்டிருந்தாள். கார் மெதுவானது. ராணி வெள்ளைக் கையுறையைத் திருப்பிக் காட்டினாள். மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள்.

“அது நான்தான்!” என்று நோரீன் கூவினாள். “நான்தான் சொன்னேன். அப்படியே எடுத்துட்டாங்க பாரு!”

டெரிக் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “நோரீன், அன்னிக்கு உனக்குப் பொன்னுக்குவீங்கி. நீ ரோட்டுக்கே வரல!”

நோரீன் முகம் சுண்டிப்போயிற்று. “அந்த டிவிக்காரப் பொண்ணு யாருக்காவது எதாவது ஞாபகம் இருக்கான்னு கேட்டா. கேட்பாரத்துக் கிடந்த கதைதானே. இவளும் சொல்றதில்ல, நீயும் பொய்யின்னுட்ட. வீணாப் போகுதேன்னு எனக்கு நடந்த மாதிரி நான் சொன்னேன்.” பெரில் பக்கம் திரும்பினாள். “உனக்கு வருத்தமா, பெரில்?”

“எனக்கென்ன வருத்தம்? நல்லாத்தான் சொல்லியிருக்க” என்றாள் பெரில். “கோட்டு மட்டும் பச்சை இல்ல. வெண்ணெய் நிறம்.”

நோரீன் போனபின் டெரிக்கின் கண் கைப்பிடியில் செருகியிருந்த பேனாவின்மேல் போனது. ‘அந்தப் பிள்ளை என் மனைவி’ என்று எழுதலாம். ஆயுளில் அவர் எழுதிய திருத்தங்களிலேயே எழுதியே தீர வேண்டிய திருத்தம் அதுதான். அதை எழுதி யாருக்கு அனுப்புவது? பொய் என்று சொன்னவர் டிவிக்காரர் இல்லையே, டெரிக்தானே. பேனாவை எடுக்கவில்லை. பெரில் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பெரில், அதை வச்சுட்டு இப்படி உட்காரேன்.”

உட்கார்ந்தாள்.

“அந்தக் கதைய எனக்கு ஒரு தடவை சொல்லு. நான் நடுவுல பேச மாட்டேன். சத்தியமா.”

 அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மடியிலிருந்த கைகளில் ஒன்று மெல்ல எழும்பியது. டெரிக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

“மழை பெஞ்சுது. கொடி ஊறிப்போயி, கையெல்லாம் சிவப்பு. அக்கா கோட்டு பாழாப் போச்சேன்னு அழறேன். கார் மேலருந்து இறங்கி வருது...” நிறுத்திவிட்டாள்.

“அப்புறம்?”

“அப்புறம் கண்ணாடிக்குள்ள பாக்கறேன். அவர்தான் இருக்காரு, டெரிக். ராணி புருஷன். நீ கிளப்ல சொன்ன அன்னிலருந்து அவர்தான் இருக்காரு. நானும் எத்தனையோ ராத்திரி இப்படிக் கண்ணை மூடிப் பார்த்துட்டேன். அவ வரவே மாட்டேங்கறா.”

எழும்பிய கை மடிக்கே திரும்பியது. டெரிக் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கையுறையாவது தெரிகிறதா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.